செவ்வாய்ப் படையெடுப்பும் பிரதி பேணும் அமானிதமும்

பழைய கையெழுத்து ஏடு ஒன்று நம் கைக்கு வந்தால், அதனை ஓதத் தொடங்குமுன் சில கேள்விகளைக் கேட்குமாறு அரபு மதரஸாக்களில் நமக்குக் கற்பித்தார்கள். இது எந்தப் பிரதியைப் பார்த்து எழுதப்பட்டது? எழுதியவர் யார்? எழுதி முடித்தபின் மூலத்தோடு ஒப்பு நோக்கினாரா? இக்கேள்விகளுக்கு விடை கிட்டாத ஏட்டை மேற்கோளாக எடுத்தாள நம் முன்னோர் தயங்கினர். ஏட்டின் அழகும் எழுத்தின் நேர்த்தியும் அவர்களை மயக்கவில்லை.

இதே கேள்விகள் இன்று எதிர்பாராத ஓர் இடத்தில் எழுந்துள்ளன. வேற்றுக்கோளிலிருந்து படைகள் இறங்கிப் பூமியைத் தாக்குவதாகக் கற்பனை செய்து 1950களில் அமெரிக்காவில் பல படங்கள் எடுக்கப்பட்டன. அவை அழியாமல் நின்று, வீட்டில் அமர்ந்து காணும் நாடாக்களாகவும் ஒளித்தகடுகளாகவும் மீண்டும் மீண்டும் வெளிவருகின்றன. ஒவ்வொரு புதுப் பதிப்பும் தானே மூலத்துக்கு மிக நெருங்கியது என்று உரிமை கொண்டாடுகிறது. மூலம் என்பது எது? அதைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு?

மதரஸாவில் ஓதியவர்களுக்குத் திரைப்படத்தோடு என்ன உறவு என வாசகர் வினவலாம். படம் பார்ப்பது தகுமா தகாதா எனும் வாதத்துள் நாம் இங்கே புகவில்லை. ஒரு தலைமுறை ஆக்கியதை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பவன் தன் கையிலுள்ள பொருளை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அமானிதம் என்பது நூலுக்கு மட்டும் உரியதன்று.

வோக்கிங் நகரமும் பள்ளிவாசலும்

இப்படங்களுக்கெல்லாம் மூலவேர் ஓர் ஆங்கில நாவல். எச்.ஜி. வெல்ஸ் எழுதிய ‘உலகங்களின் போர்’ 1897இல் தொடர்கதையாக வந்து, 1898இல் நூலாயிற்று. செவ்வாய்க் கோளின் வாசிகள் உருளைகளில் ஏறி வந்து இங்கிலாந்தில் இறங்குகிறார்கள். மூன்று கால்கள் கொண்ட உயர்ந்த இயந்திரங்களில் நடந்து, வெப்பக் கதிராலும் நச்சுப் புகையாலும் ஊர்களை எரிக்கிறார்கள்.

அவர்கள் முதலில் இறங்கும் இடம் வோக்கிங் நகரை அடுத்த ஹார்செல் பொதுவெளி. வெல்ஸ் 1895இல் அந்நகரில் குடியேறி வாழ்ந்தவர். தாம் நாள்தோறும் கண்ட தெருக்களையே கதையில் எரியவிட்டார். இங்கே நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. லாகூரில் கல்லூரித் தலைவராய் இருந்த லைட்னர் எனும் மொழியறிஞர் வோக்கிங்கில் கீழைக் கல்விக்கான நிறுவனம் ஒன்றை நிறுவினார். அதன் அருகே 1889இல் பள்ளிவாசல் ஒன்று எழுந்தது. போபால் அரசியார் ஷாஜஹான் பேகம் அதற்குப் பொருளுதவி செய்தமையால் அது ஷாஜஹான் பள்ளிவாசல் எனப் பெயர் பெற்றது. பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டப்பெற்று இன்றளவும் நிலைத்திருப்பவற்றுள் அதுவே மிகப் பழையது. வெல்ஸின் கதையில் அக்கல்லூரியும் பள்ளிவாசலும் இடம்பெறுகின்றன. செவ்வாய்வாசிகளின் தாக்குதலில் கல்லூரியின் மேற்கூரை சிதைகிறது. பள்ளிவாசலின் உச்சிமுனை காணாமற் போகிறது. உலகப் புகழ் பெற்ற இந்நாவலின் ஏட்டில் ஓர் அல்லாஹ்வின் இல்லம் இவ்வாறு பதிவாகியிருக்கிறது.

வெல்ஸ் வெறும் அச்சமூட்டும் கதை எழுதவில்லை. முதல் அத்தியாயத்திலேயே அவர் டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை நினைவூட்டுகிறார். ஐரோப்பியக் குடியேறிகள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அம்மக்களை ஒழித்துக்கட்டினரே, இன்று அதையே செவ்வாய்வாசிகள் நமக்குச் செய்தால் முறையிட நமக்கு என்ன தகுதி என்பது அவர் எழுப்பும் வினா. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளனர் என்பது உண்மை. எனினும் அவர்கள்மீது நிகழ்ந்த கொடுமை பற்றிய அந்த வினா மங்கவில்லை. அன்று உலகின் பெரும்பகுதியை ஆண்ட நாட்டில் இருந்துகொண்டு, அந்நாட்டு மக்களையே ஆளப்படுவோரின் இடத்தில் நிறுத்திக் காட்டினார் அவர்.

கதையின் முடிவும் நமக்கு அந்நியமன்று. பீரங்கிகளால் வெல்ல முடியாத படை, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் மாய்கிறது. யானைப் படையோடு கஅபாவை இடிக்க வந்த அப்ரஹா, சிறு பறவைகள் எறிந்த கற்களால் அழிந்த வரலாற்றை ஓதி வளர்ந்த பிள்ளைகளுக்கு இம்முடிவின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கதை கைமாறிய விதம்

இனி இக்கதை கைமாறிய வழியைப் பார்ப்போம். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் என்பார் இதனை அமெரிக்க வானொலியில் நாடகமாக்கினார். நாவலாசிரியரின் பெயரும் இவர் பெயரும் ஒலியில் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். களம் இங்கிலாந்திலிருந்து நியூஜெர்சி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்கு மாறியது. நாடே பீதியில் தெருவுக்கு ஓடியது எனச் செய்தித்தாள்கள் எழுதின. அது பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பது பிற்கால ஆய்வாளர் கண்ட முடிவு. ஒரு செய்தி எத்தனை பேர் வாயில் புழங்குகிறது என்பதைவிட, யார் வாய்வழி வந்தது என்பதே முக்கியம் என்று ஹதீஸ்கலை அறிஞர் வற்புறுத்தியதன் பொருள் இங்கே விளங்குகிறது.

1953இல் பாராமவுண்ட் நிறுவனத்துக்காக ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் பால் தயாரிக்க, பைரன் ஹாஸ்கின் நெறியாள, இக்கதை வண்ணப் படமாயிற்று. களம் தென் கலிபோர்னியாவுக்குச் சென்றது. வோக்கிங் மறைந்தது, அதனோடு பள்ளிவாசலும் மறைந்தது. டாஸ்மேனியர் பற்றிய பேச்சும் இல்லாமற் போயிற்று. அந்நாளைய அச்சத்துக்கேற்ப அணுகுண்டு நுழைந்தது. அதுவும் படையெடுத்தோரை அசைக்கவில்லை. நாவலில் கோழையாக வரும் பாதிரியாருக்கு மாறாக, படத்தில் வேதநூலை ஏந்தி எதிரிகளை நோக்கி நடந்து உயிர்விடும் பாதிரியார் வருகிறார். கதை தேவாலயத்தில் முடிகிறது. கிருமிகளால் வந்த வெற்றி இறைவனின் ஞானத்தால் விளைந்தது என்ற கருத்து மட்டும் நூலிலும் படத்திலும் ஒருசேர நிற்கிறது.

இவற்றைக் குறை என நாம் சொல்லவில்லை. ஒரு கதையைத் தழுவி இன்னொன்றை ஆக்குவோர் மாற்றுவது இயல்பு. அது புதிய நூல். ஆனால் ஆக்கி முடித்த ஒன்றைப் பிரதியெடுப்போர் மாற்றுவது வேறு. முன்னது ஆசிரியரின் செயல். பின்னது எழுத்தரின் செயல். நம் ஆராய்ச்சி இந்த இரண்டாவதைப் பற்றியதே.

கம்பிகள் தெரிந்த காரணம்

படத்தில் முக்கால் இயந்திரங்கள் இல்லை. ஆல் நொஸாகி எனும் கலை இயக்குநர் திருக்கை மீன்போன்று அகன்ற, நாகத்தின் கழுத்தும் தலையும் மேலே நீண்ட பறக்கும் கலங்களை வரைந்தார். செம்பினால் சுமார் 42 அங்குலம் அகலமுள்ள மூன்று மாதிரிகள் செய்யப்பட்டன. மெல்லிய கம்பிகளில் அவற்றைத் தொங்கவிட்டு இயக்கினார்கள். கலத்துக்குள் எரியும் விளக்குகளுக்கு மின்சாரம் சென்றதும் அக்கம்பிகள் வழியேதான். சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கார் விருதை இப்படம் பெற்றது.

அக்காலத்து டெக்னிகலர் முறையில் ஒளிப்பதிவுக் கருவிக்குள் மூன்று சுருள்கள் ஒரே வேளையில் ஓடும். உள்ளே வரும் ஒளியைப் பட்டகம் ஒன்று பிரித்துச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பதிவுகளாக்கும். பின்னர் அச்சுக்கூடத்தில் வண்ணப் படம் அச்சிடுவது போல, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சாயங்களை ஏற்றித் திரையரங்குப் பிரதி தயாராகும். அவ்வாறு செய்த பிரதியில் நிழல் அடர்ந்தும் விளிம்பு சற்றே மென்மையாகவும் இருக்கும். கம்பிகள் அந்த அடர்த்தியில் அமிழ்ந்துவிடும் என்பதை அறிந்தே கலைஞர்கள் காட்சிகளை அமைத்தனர்.

1960களில் ஈஸ்ட்மன்கலர் எனும் எளிய முறையில் புதுப் பிரதிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒளி கூடியது, நிழல் வெளுத்தது, கம்பிகள் வெளிப்பட்டன. தொலைக்காட்சிக்கும், பின்னர் வீட்டு நாடாக்களுக்கும் தகடுகளுக்கும் இப்படிப்பட்ட பிரதிகளே ஆதாரமாயின. பல்லாண்டுகள் மக்கள் இப்படத்தைக் கண்டு, கம்பியைக்கூட மறைக்கத் தெரியாதவர்கள் எனச் சிரித்தனர். பிழை கலைஞருடையதன்று, பிரதியெடுத்த வழியினுடையது. நடுவிலிருந்த அறிவிப்பாளரின் தவற்றுக்கு மூலவர் பழி சுமந்தார்.

வீட்டுக்கு வந்த படம்

வீட்டில் படம் காணும் கருவிகளின் வரலாறு நீண்டதன்று. சோனியின் பீட்டாமாக்ஸ் 1975இலும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976இலும் வந்தன. 1977இல் ஒரு சிறு நிறுவனம் பெரும் படநிறுவனம் ஒன்றிடம் 50 படங்களுக்கு உரிமை பெற்று நாடாவில் விற்கத் தொடங்கியது. 1978இல் லேசர் தகடும், 1996இல் டி.வி.டி.யும், 2006இல் புளூ-ரேயும், 2016இல் அதனினும் நுண்ணிய 4கே தகடும் தோன்றின. கருவி மாறும்போதெல்லாம் பழைய படங்கள் புதிதாகப் பிரதியெடுக்கப்பட்டன. ஒவ்வொரு பிரதியெடுப்பும் பிழை நீங்க ஒரு வாய்ப்பு. பிழை புக ஒரு வாசல்.

புகுந்த பிழைகளில் முதலாவது ஓரம் வெட்டுதல். அகலத்திரைக்கு எடுத்த படத்தைச் சதுரம் போன்ற பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் நிறைக்க, இருபக்கமும் கத்தரிப்பது வழக்கமாயிருந்தது. ஏட்டின் ஓரத்தை வெட்டிப் பேழைக்குள் திணிப்பதற்கு ஒப்பானது இது. கிரைட்டீரியன் எனும் நிறுவனம் 1984இல் லேசர் தகடுகளை வெளியிடத் தொடங்கியது. அதன் எட்டாவது வெளியீடு, 1956இல் டான் சீகல் நெறியாண்ட ‘உடல் கவர்வோரின் படையெடுப்பு’. அகலம் உயரத்தைப்போல் இருமடங்கான அப்படத்தை மேலும் கீழும் கருமை விட்டு முழு அகலத்தோடு அந்நிறுவனம் தந்தது. திரை நிறையவில்லையே எனச் சிலர் குறைபட்டாலும் படம் குறையவில்லை. அதே படத்துக்கு வண்ணம் பூசிய நாடா ஒன்றும் பிறரால் விற்கப்பட்டது. கறுப்பு வெள்ளையில் சிந்தித்து எடுத்த படத்துக்கு அது செய்த உதவி என்ன என்பது நமக்கு விளங்கவில்லை.

இரண்டாவது இடைச்செருகல். அப்படத்தின் கதையில், விண்ணிலிருந்து வந்த விதைகள் பெருங்காய்களாக விளைந்து, உறங்கும் மனிதரை அச்சாகப் படியெடுக்கின்றன. முகமும் குரலும் நினைவும் அதே. அன்பு மட்டும் இல்லை. உண்மையைக் கண்டவர் சொல்வதை ஒருவரும் நம்பாத நிலையில் படத்தை முடிக்கச் சீகல் விரும்பினார். தயாரிப்பு நிறுவனம் அஞ்சி, தொடக்கத்திலும் முடிவிலும் மருத்துவமனைக் காட்சியைச் சேர்த்து, இறுதியில் அவர் நம்பப்படுவதாக மாற்றியது. போலிப் பிரதியைப் பற்றிய படமே தன் உடலில் பிறர் சேர்க்கையைச் சுமக்கிறது.

அறிவிப்பாளரின் சொல் மூலச் சொல்லோடு கலந்துவிடுவதை ஹதீஸ்கலையில் இத்ராஜ் என்பர். ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் பக்தாதி (ரஹ்) அவர்கள் அத்தகைய இடங்களைப் பிரித்துக் காட்டவே தனி நூல் இயற்றினார்கள். அவர்கள் சேர்க்கையை அழிக்கவில்லை. எதுவரை மூலம், எங்கிருந்து சேர்க்கை எனக் கோடிட்டனர். இன்றைய தகடுகளும் சேர்த்த காட்சியை நீக்காமல் வைத்து, அதன் வரலாற்றை உடன்வரும் விரிவுரையில் கூறுகின்றன. படம் ஓடும்போதே ஒரு விற்பன்னர் விளக்கம் சொல்லும் இவ்வழக்கமும் 1984இல் ‘கிங் காங்’ லேசர் தகட்டில் தொடங்கியது. நம் கிதாபுகளின் ஓரத்தில் ஹாஷியா எழுதப்பட்டது போன்றது அது.

மூன்றாவது, ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம். வில்லியம் கேமரன் மென்ஸிஸ் நெறியாண்ட ‘செவ்வாயிலிருந்து வந்தோர்’ 1953 ஏப்ரலில் வெளியாயிற்று. வீட்டின் பின்புற மணற்குழியில் விண்கலம் இறங்குவதை ஒரு சிறுவன் காண்கிறான். பார்க்கச் சென்ற தந்தை வேறு மனிதராய்த் திரும்புகிறார். அமெரிக்க வடிவில் அனைத்தும் கனவெனத் தெளிந்து, மறுகணமே கலம் மீண்டும் இறங்குகிறது. இங்கிலாந்துக்குச் சென்ற வடிவில் கனவு இல்லை. புதிய காட்சிகள் சேர்ந்துள்ளன. அவை பின்னர் எடுக்கப்பட்டமையால் சிறுவன் சற்று வளர்ந்தும் தோன்றுகிறான். 2022இல் இக்னைட் பிலிம்ஸ் நிறுவனத்துக்காக ஸ்காட் மக்வீன் தலைமையில் இப்படம் செப்பம் பெற்றது. அமெரிக்க வடிவை முதன்மையாகக் கொண்டு, மற்ற முடிவையும் தனியே தகட்டில் தந்தனர். இரண்டு ரிவாயத்துகளையும் கலந்து மூன்றாவதொன்றை உருவாக்காமை அவர்களுடைய நேர்மை.

கம்பியை அழிக்கலாமா?

இப்போது கம்பிகளுக்குத் திரும்புவோம். 2018இல் பாராமவுண்ட் ‘உலகங்களின் போர்’ படத்தை மூன்று மூலச் சுருள்களிலிருந்தே 4கே நுட்பத்தில் மீட்டது. வண்ணம் பழைய அடர்த்தியைப் பெற்றது. அத்துடன் நில்லாமல், தெரிந்த கம்பிகளைக் கணினியின் துணையால் நீக்கினர். இந்த மீட்பு 2020 ஜூலையில் கிரைட்டீரியன் புளூ-ரேயாகவும், 2022இல் 4கே தகடாகவும் வெளிவந்தது.

இங்கே அறிஞர் இருவகைப்பட்டனர். மூலச் சுருளில் ஒளி பதித்தது எதுவோ அதுவே படம். கம்பியும் அதன் பகுதி. அதை எடுப்பது வரலாற்றை அழிப்பது என்பது ஒரு சாரார் கூற்று. 1953இல் மக்கள் கண்ட பிரதியில் மறைந்திருந்ததை இன்றைய கூர்மையான தகடு காட்டுமாயின், காட்டுவதே பிழை. நீக்குவதே மூலத்துக்குத் திரும்புதல் என்பது மறுசாரார் கூற்று.

இவ்வாதம் நமக்குப் புதியதன்று. ஆசிரியரிடம் கேட்ட சொல்லில் தெளிவான பிழை இருந்தால் மாணவர் என்ன செய்வது? கேட்டவாறே அறிவிக்க வேண்டும் என்றார்கள் இப்னு சீரீன் (ரஹ்). திருத்திச் செம்மையாக அறிவிக்கலாம் என்றார்கள் அவ்ஸாயீ (ரஹ்), இப்னுல் முபாரக் (ரஹ்) போன்றோர். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் இவ்விரு கருத்துகளையும் பதிவு செய்து, எழுத்தருக்குரிய ஒழுங்கையும் வகுத்துத் தந்தார்கள். ஐயத்துக்குரிய சொல்லை அழிக்காதே. அதன்மேல் ஓர் அடையாளக் கோடு இடு. சரியெனத் தோன்றுவதை ஓரத்தில் எழுது. அந்த அடையாளத்துக்குத் தள்பீப் என்று பெயர். பின்னால் வருபவன் உன்னைவிட அறிந்தவனாக இருக்கக்கூடும். நீ பிழையென எண்ணியது அவனுக்குச் சரியென விளங்கக்கூடும். இந்தப் பணிவே அவ்விதியின் உயிர்.

இவ்விதியைக் கொண்டு பார்க்கையில் நம் முடிவு இது. பிற்காலப் பிரதிகளின் வெளுப்பால் வெளிப்பட்ட கம்பியை மறைப்பது பிழை திருத்தமே. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. திருத்தியதைத் திருத்தினோம் எனச் சொல்ல வேண்டும். திருத்தாத மூலத்தை அழியாது காக்க வேண்டும். மூலக் கலைஞர் விரும்பியதற்கு மேல் தம் விருப்பத்தைப் புகுத்தலாகாது.

முதல் நிபந்தனை நிறைவேறியிருக்கிறது. கிரைட்டீரியன் தகட்டிலேயே மீட்புப் பணியை விளக்கும் பகுதி உள்ளது. ஒலியின் விஷயத்தில் இன்னும் சிறப்பாக நடந்தனர். பென் பர்ட் எனும் ஒலிக்கலைஞர் அமைத்த புதிய பல்திசை ஒலியையும், பழைய ஒற்றை ஒலித்தடத்தையும் ஒரே தகட்டில் வைத்து, விரும்பியதைத் தெரிந்துகொள்ள விட்டனர். சொல்லும் அதன் ஓரத்தில் திருத்தமும் ஒருங்கே நிற்கும் பக்கம் போன்றது அது. ஒலிக்குச் செய்ததைப் படத்துக்கும் செய்வதே நிறைவான முறை. இரண்டாம் நிபந்தனை மூலச் சுருள்களைக் காக்கும் காப்பகங்களின் பொறுப்பு. தகடு வாங்குவோர் அதனைக் காண்பதில்லை. மூன்றாவதுதான் கடினம். கணினியின் ஆற்றல் வளர வளர, கம்பியோடு நிற்காமல் முகத்தைத் துடைக்கவும், படச்சுருளின் இயல்பான மணிகளை வழித்தெறியவும், இல்லாத நுட்பத்தை வரைந்து சேர்க்கவும் கை நீளும். அன்று கிடைக்கும் படம் பளபளப்பாக இருக்கும். ஆனால் அது காய்க்குள் விளைந்த மனிதனைப் போன்றதாகிவிடும்.

நம் வீட்டு அலமாரிகளில் உறங்கும் அரபுத்தமிழ் ஏடுகளைப் புதிதாக அச்சிட முன்வருவோருக்கும் இதுவே பாடம். புரியாத சொல்லை மாற்றிவிட்டு மௌனமாயிருப்பதைவிட, அதை அவ்வாறே வைத்து ஓரத்தில் ஓர் அடையாளம் இடுவது மேலானது.

வெல்ஸின் கதையில் வோக்கிங் பள்ளிவாசலின் உச்சிமுனை மறைந்தது. உண்மையில் அது இன்றும் நிற்கிறது. ஐவேளைத் தொழுகை நடக்கிறது. செவ்வாய்வாசிகள் இறங்கியதாக அவர் எழுதிய ஹார்செல் வெளியிலேயே, முதல் உலகப் போரில் உயிர்நீத்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக 1917இல் கபுறுஸ்தான் ஒன்று அமைந்தது. பின்னாளில் அவ்வுடல்கள் புரூக்வுட் அடக்கத்தலத்துக்கு மாற்றப்பட்டன. பழைய இடம் 2015இல் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. படத்தை மட்டும் கண்டவர்க்கு இவ்வூரே தெரியாது. தகட்டில் தொடங்கி நாவல் வரை படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றவர்க்கே அது தென்படும். கையிலுள்ள பிரதியோடு நின்றுவிடாமல் மூலம் வரை சென்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல கூலி வேறில்லை.